பழந்தாள்களில் ஒரு பாட்டியின் பெயர்

குடும்ப வரலாறு என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது பெருமைக் கதையே. குதிரை வாணிகத்தின் பொருட்டு வந்து மன்னரின் மதிப்பைப் பெற்ற மூதாதையர் ஒருவர். கடல் கடந்து சென்று கடை பல வைத்தவர் ஒருவர். பள்ளிவாசலுக்கு நிலம் எழுதி வைத்தவர் ஒருவர். விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல், மணப்பாறை, துவரங்குறிச்சி என இப்பகுதியில் எவ்வூர் இராவுத்தர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டாலும் இம்மூவருள் ஒருவரையேனும் சந்திக்காமல் எழ முடியாது. இக்கதைகள் பொய் என்று யான் கூறவில்லை. ஆயினும் தம் முன்னோர் சந்தைக்கு வெற்றிலைக் கூடை சுமந்தார் என்றோ, பஞ்சகாலத்தில் வீட்டை ஒற்றி வைத்தார் என்றோ எவரும் கதை சொல்லத் தொடங்குவதில்லை. கூடை சுமந்தவர்களும் ஒற்றி வைத்தவர்களுமே எண்ணிக்கையில் மிகுதி என்பதை நாம் அறிவோம். அவர்கள் எங்கே போயினர்?

இன்னொரு கூட்டத்தாரும் இக்கதைகளில் இல்லை. வகுப்பில் மாணவரிடம் யான் அவ்வப்போது கேட்கும் வினா ஒன்றுண்டு. தந்தை வழியில் மூன்று தலைமுறை ஆண்களின் பெயர்களைத் தயங்காமல் சொல்பவர், தந்தையின் தாயாருடைய தாயார் பெயர் யாது என்றால் விழிப்பர். வீட்டில் போய்க் கேட்டு வருமாறு அனுப்பினாலும் பலர் வெறுங்கையோடே திரும்புவர். ‘நன்னிமா’ என்றும் ‘பெரியவுக’ என்றும் அழைக்கப்பட்டவர்க்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்பதே வீட்டாருக்கு அப்போதுதான் தோன்றுகிறது. இது முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஊர் முழுவதும் ஒரே கதைதான்.

வாய்மொழி கைவிட்டவர்களைத் தாள்கள் கைவிடவில்லை என்பது என் கருத்து. இங்கே தாள்கள் என்றது அரசர் வரலாற்று நூல்களையோ கல்வெட்டுத் தொகுதிகளையோ அன்று. யாரும் வரலாறு என்று கருதி எழுதாத தாள்களையே சுட்டுகிறேன். பழைய செய்தித்தாளின் அறிவிப்புப் பகுதி, கிரயப் பத்திரம், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, பள்ளிவாசலின் திருமணத் தஃப்தர், கடைக் கணக்குப் பேரேடு, திருமண அழைப்பிதழ் ஆகியன இவ்வகையின. இவற்றை எழுதியவர்க்குப் பெருமை பேசும் நோக்கம் இல்லை. ஆதலின் இவற்றை நம்பலாம், ஓரளவேனும் நம்பலாம்.

விராலிமலையின் எடுத்துக்காட்டு

விராலிமலை என்றால் முருகன் கோயிலையும் மயிலையும் குறவஞ்சியையும் நாடறியும். ஆவணங்களைத் தேடுவோர்க்கு இவ்வூரின் சிறப்பு வேறொன்று. 1948 மார்ச்சு 3 வரை இது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் குளத்தூர்த் தாலுகாவைச் சார்ந்தது. சற்று மேற்கே நடந்தால் ஆங்கிலேயரின் திருச்சிராப்பள்ளி மாவட்டம். பெண்ணை மணப்பாறையில் கொடுத்து, மருமகளை இலுப்பூரிலிருந்து அழைத்து வந்த ஒரு குடும்பத்தின் தடயங்கள் இரு வேறு அரசாங்கங்களின் அலுவலகங்களில் பிரிந்து கிடக்கும். இணைப்புக்குப் பின் திருச்சி மாவட்டம். 1974 ஜனவரி 14 முதல் புதுக்கோட்டை மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் கோப்புகள் மட்டும் பயணம் செய்துகொண்டே இருந்தன. திருச்சியில் தேடிக் கிடைக்கவில்லை என்று ஒருவர் சோர்ந்து திரும்பினால், அவர் தவறான அரசாங்கத்தின் வாயிலில் நின்றார் என்பதே பெரும்பாலும் உண்மை.

இச்சமஸ்தானத்தின் எளிய கோப்புகளை அயல்நாட்டார் பயன்கொண்ட அளவு நாம் கொள்ளவில்லை என்பது வருந்தத்தக்கது. அமெரிக்க அறிஞர் நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரவுன்’ என்னும் நூல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைப் பற்றியது. அவர்க்குப் பெரிதும் உதவியவற்றுள் 1888ஆம் ஆண்டின் இனாம் செட்டில்மெண்டு ஆவணங்கள் தலையாயவை. இன்னாருக்கு இன்ன ஊழியத்தின் பொருட்டு இவ்வளவு மானிய நிலம் என்று எழுதிய பதிவேடு, வரி கணக்கிடும் எழுத்தர்க்கு வெறும் கணக்கு. ஆனால் அதிலே கோயில் ஊழியர், ஊர்க்காவலர், குளம் காப்போர், பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் விளக்கேற்றுவோர் என அரண்மனை வரலாற்றில் இடம்பெறாத குடும்பங்கள் வரிசையாக நிற்கின்றன.

டேவேஷ் சொனேஜி என்பார் 2012இல் எழுதிய ‘அன்ஃபினிஷ்டு ஜெஸ்சர்ஸ்’ என்னும் நூலில் விராலிமலை ஆடல்மகளிரின் நினைவுகளுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியுள்ளார். 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் இவ்வூரினர். தம் மரபில் ஏழாம் தலைமுறையினர் என்று அறியப்படுபவர். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. நம் வீடுகளில் ஆண்வழியே பெயர்கள் நிற்க, அம்மரபில் பெண்வழியே பெயர்கள் நின்றன. தாய், தாயின் தாய், அவர்க்கு ஆடல் பயிற்றிய பெரியம்மை என்று அடுக்கிச் சொல்ல அவர்களால் இயன்றது. மானியம் பெண்ணின் பெயரில் இருந்ததும், கலை பெண்ணிடமிருந்து பெண்ணுக்குச் சென்றதும் அதற்குக் காரணம். 1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அக்குடும்பங்கள் பல ஊரைவிட்டும் தம் பெயரைவிட்டும் விலகின. சட்டம் வேண்டத்தக்கதே; அதில் ஐயமில்லை. ஆயினும் இகழ்ச்சிக்கு அஞ்சி ஒரு குடும்பம் தன் தாள்களைத் தானே மறைக்க நேரும்போது அதனோடு பாட்டிமார் பெயர்களும் மறைகின்றன. பெருமைக்காகச் சேர்ப்பதும் அச்சத்தால் அழிப்பதும் என இருவகையாலும் குடும்ப வரலாறு குறைவுபடுகிறது.

நான்கெல்லைக்குள் அடங்கிய ஊர்

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து அதை எடுப்பவர் சர்வே எண்ணையும் விலையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவர். ஆய்வாளர் படிக்க வேண்டியது எல்லைப் பகுதியை. ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு, நடைபாதைக்குக் கிழக்கு, இன்னார் மனைவி பாகத்துக்குத் தெற்கு’ என்று எழுதியிருக்கும். ஒரு தெருவின் பத்துப் பத்திரங்களை அருகருகே வைத்தால் அத்தெருவில் யார் அருகில் யார் வாழ்ந்தனர் என்னும் படம் தானே விரியும். விற்றவர், வாங்கியவர், சாட்சிகள், பத்திரம் எழுதியவர் ஆகிய ஒவ்வொருவரும் தந்தை பெயரோடும் தொழிலோடும் ஊரோடும் நிற்பர். தொகை எதற்காக வாங்கப்பட்டது என்பதையும் பத்திரம் மறைக்காது. மகள் திருமணச் செலவுக்காக, பழைய கடன் தீர்ப்பதற்காக, அக்கரைச் சீமைக்குப் போகும் வழிச்செலவுக்காக என்று காரணம் எழுதியிருக்கும். குடும்பம் மறந்துவிட்ட துயரம் ஒன்றைப் பத்திர எழுத்தர் ஒற்றை வரியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆண்டுக் கணக்கைப் புரிந்துகொள்ளச் சிறிது பயிற்சி வேண்டும். நிலவரித் தாள்களில் பசலி ஆண்டு வரும். 590ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் முடிய. பத்திரங்களில் பிரபவ, விபவ என்னும் அறுபதாண்டுச் சுழற்சி வரும். பிரபவ என்றால் 1867-68ஆ, 1927-28ஆ, 1987-88ஆ என்பதை ஏனைய குறிப்புகளைக் கொண்டே துணிய வேண்டும். தஃப்தரில் ஹிஜ்ரீ வரும். ஹிஜ்ரீ 1300 தொடங்கியது 1882 நவம்பரில். மூத்தோர் வாய்மொழியிலோ இம்மூன்றும் இரா. ‘தாது வருஷப் பஞ்சத்துக்கு மறுவருஷம்’ என்பர். தாது ஆண்டு 1876-77 என்பதை அறிந்தவர்க்கு அதுவும் தெளிவான காலக்குறிப்பே. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த நாளை மட்டும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிறையும்படி ஆசிரியர் கணக்கிட்டு எழுதிய நாளிலேயே நம் தந்தையர் பலரும் ‘பிறந்தனர்’. அதே பதிவேட்டில் தந்தையின் தொழில் என்னும் பகுதிதான் பொன் போன்றது.

பெண்ணின் பெயருக்கு வருகிறேன். மார்க்கச் சட்டம் மகளுக்குப் பங்கு வகுத்துள்ளது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அதனையும் உட்படுத்தியது. பங்கு இருப்பதால் மகளின் ஒப்பம் இல்லாமல் சொத்து கைமாற இயலாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகளிர் பெயர்கள் கணவர் பெயரோடும் ஊரோடும் வரிசையாகக் கிடைக்கின்றன. மகிழத்தக்க செய்திதான். ஆனால் எத்தகைய பத்திரங்களில் அப்பெயர்கள் மிகுதி என்று பார்த்தால் மகிழ்ச்சி குறையும். என் தந்தையின் பாட்டியார் பெயரை யான் கண்டது ஒரு விடுதலைப் பத்திரத்தில். உடன்பிறந்த ஆண்கள் பெயருக்குத் தம் பங்கை ‘மனப்பூர்வமாக’ விட்டுக்கொடுத்து அவர் இடது பெருவிரல் ரேகையைப் பதித்திருக்கிறார். வாழ்நாளில் அவர் பெயர் எழுத்தில் ஏறிய ஒரே இடம், தமக்குரியதை இழந்த இடமாக இருக்கக்கூடும். அவர் பெயரை ஈண்டு அச்சிட விரும்பினேன். பெண்பிள்ளை பெயர் மலரில் வர வேண்டாம் என்று வீட்டு மூத்தோர் சொன்னதால் விட்டுவிட்டேன். என் கட்டுரையின் வாதத்துக்கு அவர்களே ஒரு சான்றும் அளித்துவிட்டனர்.

பள்ளிவாசல் தஃப்தரில் இக்குறை இல்லை. பழைய திருமண அழைப்பிதழ்கள் சிலவற்றில் மணமகனின் பெயரும் இரு வீட்டுத் தந்தையரின் பெயரும் இருக்கும்; மணமகளோ ‘என் மகள்’ என்பதோடு நிற்பார். தஃப்தர் அவ்வாறு நிற்க இயலாது. மணமகளின் பெயர், அவர் தந்தை, வலீ, சாட்சிகள், மஹர் தொகை ஆகியவை இல்லாமல் நிக்காஹ் பதிவு நிறைவுறாது. ஓர் ஊர்த் தஃப்தரை முதலிலிருந்து முடிய வாசித்தால் அவ்வூர்ப் பெண்கள் எவ்வூர்களுக்குச் சென்றனர், எவ்வூர்களிலிருந்து வந்தனர், எந்த ஆண்டில் மஹர் உயர்ந்தது, எந்த ஆண்டில் திருமணங்களே குறைந்தன என்பதெல்லாம் புலப்படும். வேறெந்த ஆவணமும் இதைத் தர வல்லதன்று.

அக்கரைத் தாள்கள்

இங்கே கிடைக்காத பெயர் சில அங்கே கிடைக்கும். வழிச்செலவுக்கு நிலத்தை ஒற்றி வைத்துச் சென்றவர் இறங்கிய துறைமுகங்களில் தமிழ்ச் செய்தித்தாள்கள் இருந்தன. கொழும்பில் 1882இல் அறிஞர் சித்திலெவ்வை தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’, சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’, அங்கேயே 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகியவை குறிப்பிடத்தக்கன. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் சிங்கை நேசனையும் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் மின்வடிவில் வெளியிட்டுள்ளது. இங்கே 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழான ‘சுதேசமித்திரன்’, பா. தாவூத்ஷா நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ முதலியவற்றின் இதழ்களைப் பெரிய நூலகங்களில் தேடிப் பெறலாம்.

செய்தித்தாளில் எதைப் படிப்பது? தலைப்புச் செய்தியில் நம் பாட்டன் இருக்க மாட்டார். கடை இடமாற்ற அறிவிப்பு, பங்காளி பிரிந்ததால் இனி அவருடைய கொடுக்கல் வாங்கலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்னும் எச்சரிக்கை, நீதிமன்ற ஏல அறிவிப்பு, மரண அறிவிப்பு, நன்கொடையாளர் பட்டியல், வாசகர் கடிதம் ஆகியவற்றில்தான் அவர் இருப்பார். மரண அறிவிப்பில் பெண் மீண்டும் பெயரிழப்பார். ‘இன்னாரின் தாயார்’ என்றே இருக்கும். எனினும் நாளும் ஊரும் கிடைத்துவிட்டால் அதைக் கொண்டு வேறு பதிவேட்டைத் திறக்கலாம்.

பெயரின் எழுத்துக் கூட்டல் பெருந்தொல்லை தரும். இராவுத்தர், ராவுத்தர், ரௌத்தர். முகம்மது, முஹம்மது, மகமது. சாகிபு, சாயபு, சாஹிப். ஒரே ஆள் பிறப்புப் பதிவில் ஒரு வடிவிலும் பத்திரத்தில் வேறு வடிவிலும் கடவுச்சீட்டில் ஆங்கிலேயர் காதுக்குப் பட்ட வடிவிலும் இருப்பார். கணினியில் ஒரு வடிவத்தைத் தட்டிவிட்டு இல்லை என்று எழுந்துவிடும் மாணவர்க்கு என் அறிவுரை, பக்கங்களைப் புரட்டுக என்பதே. எழுத்து வேறுபாடுகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் கலை தமிழ்த்துறையினர்க்குப் புதிதன்று. சுவடிப் பதிப்பில் நாம் கற்றதை இங்கே பயன்படுத்தலாம்.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. பெயர் ஒத்திருப்பதாலேயே ஆளும் ஒருவராகிவிட மாட்டார். 1976இல் ‘ரூட்ஸ்’ நூலை வெளியிட்ட அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தம் முன்னோர் வந்த கப்பலைத் தேடி, 1767ஆம் ஆண்டு மேரிலாந்து கெஜட்டில் ‘லார்ட் லிகோனியர்’ என்னும் கப்பலில் வந்த அடிமைகளின் விற்பனை விளம்பரத்தைக் கண்டெடுத்தார். உலகமே அதைக் கண்டு வியந்தது. பின்னர் ஆவணங்களை மீளாய்ந்த வமிசாவளி அறிஞர்கள் அவர் காட்டிய தொடர்ச்சி நிலைபெறவில்லை என்று மறுத்தனர். கப்பல் வந்தது உண்மை. அக்கப்பலில் வந்தவர் அவர் முன்னோரே என்பதற்கு விளம்பரம் சான்றாகாது. விராலிமலைப் பெயர் ஒன்றைப் பினாங்குத் தாளில் கண்டவுடன் குதித்தெழும் இளைஞர் இதை நினைவிற் கொள்வது நன்று. தந்தை பெயர், ஊர், தொழில் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தும்வரை அப்பெயரைப் பென்சிலால் எழுதி வைப்பதே முறை.

கடல் கடந்தோர் ஆவணங்களில் ஒரு முரண்பாடு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர் ஒவ்வொருவர்க்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டுள்ளன. பெண்களுக்கும் தனித்தனியே பதிவு உண்டு. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனம் காக்கும் பதிவுகளில் நிழற்படங்களும் உள. தம் செலவில் சென்று தம் விருப்பில் வாணிகம் செய்த நம் ராவுத்தர், மரைக்காயர் பாட்டன்மார்க்கோ இத்தகைய பதிவு இல்லை. கட்டுண்டு சென்றவரை எசமானன் தன் உடைமையைக் காக்கும் பொருட்டு எழுதி வைத்தான். கட்டற்றுச் சென்றவரை எழுத எவர்க்கும் தேவை இருக்கவில்லை. கூலியாகச் சென்றவரின் கொள்ளுப்பேரர் இன்று டர்பனிலிருந்து வந்து தம் ஊரைக் கண்டுபிடிக்கிறார். கடை வைத்தவரின் பேரர் பக்கத்து ஊரிலிருந்தும் தம் பாட்டனைக் கண்டுபிடிக்க இயலாமல் நிற்கிறார்.

மரியாதையால் அழிபவை

இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டின் குடிக்கணக்கும், அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டின் குடிக்கணக்கும் வீட்டுக்கு வீடு பெயர்களோடு 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் குடிக்கணக்குச் சட்டப்படி அத்தாள்கள் எவர் பார்வைக்கும் உரியன அல்ல. ஆகவே நமக்கு எஞ்சியவை ஊர்த் தாள்களே. அவையோ நம் கண்முன் அழிந்துவருகின்றன.

பரம்பரைக் கர்ணம் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டபோது வீடுகளிலிருந்த பழங்கணக்குகள் பல எடைக்குப் போயின. பழைய பள்ளிவாசலை இடித்துப் புதியது எழுப்பும் ஊர்கள் இன்று மிகுதி. கட்டடம் எழுவது நன்று. பழைய பீரோவும் அதனுள் இருந்த தஃப்தர்களும் என்னவாயின என்று கேட்டால் கிடைக்கும் விடை இகழ்ச்சியிலிருந்து பிறந்ததன்று, மரியாதையிலிருந்து பிறந்தது. தலைப்பில் பிஸ்மில்லாஹ் எழுதிய தாள், அரபு எழுத்துள்ள தாள், காலில் படக்கூடாது என்று கருதிக் கிணற்றில் இறக்கினோம், கபரஸ்தானில் புதைத்தோம் என்பர். அரபுத் தமிழில் எழுதிய தஃப்தரும் கடிதமும் இவ்வாறே போயின. அவற்றில் இறைவசனம் இருந்தது ஒரு வரி. எஞ்சிய பக்கமெல்லாம் பாட்டியின் பெயரும் மஹர்த் தொகையும். நெல்லைச் சீமையின் கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை ஆகம விதி என்று நெருப்பில் இட்ட செய்தியை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வேதனையோடு பதிந்துள்ளார். சமயம் வேறாயினும் இழப்பு ஒன்றே.

இதே மரியாதை வேறோர் இடத்தில் காப்பாகவும் அமைந்தது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகையகம் ஒன்றில், இறைவன் பெயருள்ள தாளை எறியலாகாது என்று ஓர் அறையில் போட்டு வைத்தனர். பல நூற்றாண்டுகளின் தாள் அங்கே சேர்ந்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். வாணிகக் கடிதம், மணமுறி, கடைக் கணக்கு என ஏறத்தாழ இரண்டு இலட்சம் துண்டுகள் அங்கு உள. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த வணிகர் ஒருவரின் குடும்ப வாழ்வை அறிஞர்கள் அவற்றைக் கொண்டே எழுதினர். கிணற்றுக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஈரம் புகாத அலமாரி ஒன்று போதும்.

காப்பதற்கு அரசின் ஆணை வேண்டும் என்பதும் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஒருவராக நின்று நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பைக் கொண்டு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் இயங்கி வருகிறது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தம் வருவாயில் உருவாக்கிய ஞானாலயா நூலகம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் வேளாண் குடும்பங்களின் தாள்களையும் வீட்டிலேயே படமெடுத்து உரியவரிடமே திருப்பிக் கொடுத்தது. இவ்வழி நமக்கும் ஏற்றது. தாள் ஜமாஅத்திடமே இருக்கட்டும். படி மட்டும் நூலகத்துக்கு வரட்டும்.

மறுப்பு ஒன்று எழும் என்பதை அறிவேன். பழைய தாளைக் கிளறினால் மறைந்த கடன், மறைந்த மணமுறிவு, பங்காளிச் சண்டை யாவும் வெளிவரும். இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்பர். இவ்வச்சம் பொருளற்றதன்று. உயிரோடிருப்போரைத் தொடும் பக்கங்களை மூடி வைக்கலாம். ஐம்பதாண்டு, எழுபத்தைந்தாண்டு என ஜமாஅத்தே வரம்பு வகுக்கலாம். மூடி வைப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல.

மூடிய பெட்டி ஒருநாள் தேவைப்படும் என்பதையும் காலம் காட்டியிருக்கிறது. இலங்கைத் தோட்டங்களில் நூறாண்டு உழைத்தவர்கள் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ்த் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர், தாம் எத்தனை ஆண்டு தங்கினர் என்பதற்குத் தாள் காட்ட இயலாமல் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி உடன்படிக்கை அவர்களைத் தொகைகளாகப் பிரித்தது. அசாமில் 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெறவில்லை; 1971க்கு முற்பட்ட தாள் ஒன்றில் முன்னோர் பெயரைக் காட்டுவதே அங்கே சோதனை. 2025 நவம்பரில் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது 2002, 2005 பட்டியல்களில் தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் தேடி எத்தனை பேர் அலைந்தனர் என்பதை நாமே பார்த்தோம். மணமாகி ஊர் மாறிய பெண்களே மிகுதியும் இடர்ப்பட்டனர் என்பதை எம் தெருவிலேயே கண்டேன். தந்தை வீட்டுப் பட்டியலில் ஒரு பெயர், கணவன் வீட்டில் வேறு பெயர். இரண்டும் ஒருவரே என்று சொல்ல வல்லது தஃப்தரின் ஒரு பக்கம்.

எம்ஃபில் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு 2022ஆம் ஆண்டு விதிகளால் நிறுத்திவிட்டது. சிறுபொருளில் ஓராண்டு உழைக்கும் பயிற்சிக்கு இருந்த இடம் போயிற்று என்பது அப்பட்டம் பெற்ற என் போன்றோரின் குறை. எனினும் முதுகலை மாணவர் செய்யும் திட்டக் கட்டுரைகளுக்கு இதனினும் ஏற்ற பொருள் இல்லை. சிலம்பிலும் சீறாவிலும் உவமை எண்ணும் கட்டுரைகள் நம் நூலகத்தில் போதிய அளவு உள. இம்மலரின் இறுதிப் பக்கங்களில் விளம்பரம் அளித்துள்ள ஊர்க் கடைகளின் பெயர்களையேனும் வெட்டி எறியாமல் மலரைக் கட்டடம் செய்து வைக்குமாறு நூலகரையும் வேண்டுகிறேன். ஐம்பதாண்டு கழித்து ஒருவர் தம் பாட்டனின் கடையை அங்கேதான் தேடுவார்.

வேலையை இலுப்பூர், விராலிமலைப் பகுதிப் பள்ளிவாசல்களிலிருந்து தொடங்கலாம். தமிழ் எழுத்தை அறிந்த நம் மாணவர் ஒருவரும் அரபு எழுத்தை அறிந்த மதரஸா மாணவர் ஒருவரும் இணைந்து செல்ல வேண்டும். அரபுத் தமிழை வாசிக்க இருவரும் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்தபின் முத்தவல்லியிடம் பீரோச் சாவியைக் கேட்க வேண்டும். முதல் நாளில் எதையும் படமெடுக்க வேண்டா, வெளியே கொண்டுவரவும் வேண்டா. இருப்பவற்றின் பட்டியல் மட்டும் போதும். தஃப்தர் எத்தனை, முதற்பதிவின் ஹிஜ்ரீ ஆண்டு யாது, எவ்வெழுத்தில் உள்ளது, பக்கங்கள் எத்தனை, கறையான் எத்தனை பக்கங்களைத் தின்றிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, முத்தவல்லியின் கையொப்பம் பெற்று, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும்.